விரதமும் பசியும்

தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொள்ளும் கோலசிலாங்கூர் தோட்டத்துத் தமிழர் பலர், பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகுமுன் சில நாள் மரக்கறி உண்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பர். அந்நாட்களில் பசியை அடக்குவது யார்?

1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின் என்ற ஹார்மோனை இரைப்பை சுரக்கிறது. அது மூளையின் ஹைப்போதலாமசில் நியூரோபெப்டைட் ஒய் முதலிய மூலக்கூறுகளை வெளியிடும் நரம்பணுக்களைத் தூண்ட, பசி எழுகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அதே நரம்பணுக்களை அடக்கும். பட்டினி நீண்டால் லெப்டின் குறைந்து பசி ஓங்கும். விந்தை என்னவென்றால், கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஏறி, உண்ணாவிட்டாலும் பிறகு தானே இறங்கிவிடுகிறது. அந்தத் தணிவை முருகன் அருள் என்பார் பக்தர்.

இந்த அறிவியல் விளக்கமும் பக்தரின் நம்பிக்கையும் மோதவேண்டியதில்லை. சைவ சித்தாந்தத்தில் உடலும் மனமும் மாயையின் ஆக்கமான கருவிகள். ஆன்மா அவற்றினின்று வேறானது. அக்கணக்கில் கிரெலினும் கருவியே. நோன்பு அதை அழிப்பதில்லை. கிரெலின் கூப்பிட்டதும் எழுந்து ஓடாதிருக்கப் பழக்குகிறது, அவ்வளவுதான். வள்ளலாரோ பிறர் பசி தீர்ப்பதையே வழிபாடாகக் கொண்டு 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். பத்துமலையில் காவடிக்காரரின் நோன்பும் பந்தல்காரரின் அன்னதானமும் ஒரே நாளில் நடக்கின்றன.