பெயர் வெட்டிய இடம்

‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்று ஒரு பழமொழி. இளிப்பதற்குப் பித்தளைக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்குத் தேய்த்து வைத்தால் நாளைக்கு மங்கும். அடுத்த வாரம் கறுக்கும். புளிக்குழம்பை ஊற்றி வைத்தால் பச்சையாகக் களிம்பு கட்டும். அந்தக் களிம்பு நம் வயிற்றுக்குள் போகாமல் காப்பாற்றுவது, பாத்திரத்தின் உட்புறத்தில் பூசியிருக்கும் அதே ஈயம்தான். யார் தயவில் பிழைக்கிறோமோ அவரைப் பார்த்தே பல்லைக் காட்டுவது மனிதர்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை போலிருக்கிறது!

இந்த வாரம் பித்தளை தேய்ப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சிரிக்காதீர்கள். ஒரு பொருளைத் துலக்கும்போது நாம் அழுக்கை எடுக்கிறோமா, பளபளப்பை வரவழைக்கிறோமா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய தர்ம சங்கடம் உட்கார்ந்திருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் சருவச்சட்டி, தோண்டி, போணி, செம்பு என்று ஒரு குடும்பமே பரணில் இருக்கும். தாமிரபரணிப் படித்துறையில் கைப்பிடி மணலும் கொஞ்சம் புளியும் போதும், எல்லாம் தங்கம் மாதிரி ஆகிவிடும். புளியில் இருக்கும் அமிலம் கறுப்பைக் கரைக்கிறது, மணல் அதைச் சுரண்டுகிறது. ஆனால், புளியோடு நேரமாக ஊறவிட்டால் வேறு கதை.

“ஏட்டி, புளி போட்டதும் தேச்சுக் கழுவிரணும். ஊறப் போட்டேன்னா செவந்து போயிரும்.”

“செவந்தா என்ன ஆச்சி? அழகாத்தான இருக்கு?”

“அது அழகு இல்லட்டி. சத்து போயிட்டுன்னு அர்த்தம்.”

ஆச்சி சொல்வது சரியான வேதியியல். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும். மேலே மிஞ்சுவது வெறும் தாமிரம். அந்தச் சிவப்பைப் பார்த்து, ‘ஆகா, என்ன சுத்தம்!’ என்று நாம் மெச்சிக்கொள்வோம்.

இன்னொன்றும் நடக்கும். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார்கள். ஊசியால் குத்திய மாதிரி புள்ளிப் புள்ளியாக, கொடுத்தவர் பெயர், ஊர், சில சமயம் வருஷமும். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு மயிரிழை உலோகம் போகிறது. நாற்பது ஐம்பது வருடம் அழுத்தித் தேய்த்தபின் பாத்திரம் பளபளவென்று இருக்கும், பெயர் இருக்காது.

இனி, கொஞ்சம் வெளிநாடு. அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன் அந்தக் கூடுகளைச் சுத்தம் செய்ய ஒரு இயந்திரம் உண்டு. அதன் பெயர் டம்ளர். காபி குடிக்கிற டம்ளர் இல்லை, போட்டு உருட்டுகிற டம்ளர். உள்ளே பொடித்த வால்நட் ஓடு, அல்லது சோளக்கதிர்ச் சக்கையின் தூள். அதோடு ஒரு ஸ்பூன் பாலிஷ். சில மணி நேரம் ஓடவிட்டால் கரி பிடித்த கூடுகள் நகைக்கடை சமாசாரம் மாதிரி வெளியே வரும். நம் மணலுக்கும் புளிக்கும் மோட்டார் பொருத்திய மாதிரிதான்.

இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள். முதலாவது, பளபளப்பு தேவையே இல்லை. மண்ணும் துகளும் போனால் போதும், மின்னுகிற கூடு கூடுதல் தூரம் சுடுவதில்லை. இரண்டாவது, அந்தத் தூளில் காரீயம் கலந்திருக்கும். மூச்சில் போனால் ஆபத்து, திறக்கும்போது எச்சரிக்கை. சுத்தம் செய்கிறவர்மேல்தான் மொத்த அழுக்கும் வந்து இறங்கும் என்பது நம் ஊரில் சாக்கடையில் இறங்குகிறவர்களைப் பார்த்தாலே தெரியும், அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. மூன்றாவதுதான் முக்கியம். அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடாதே.

ஏன்? இந்த மூன்றாவது விதிக்குப் பின்னால் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தியாவில் ராணுவத்தின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், ஒரு குண்டு கூடச் சுடாமலே பித்தளைக் கூடுகளில் விரிசல். பருவகாலத்தில் வருவதால் ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள். ஏன் என்பதை 1921இல்தான் இங்கிலாந்து விஞ்ஞானிகள் தெளிவாக விளக்கினார்கள். குற்றவாளி, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா. ஆனால், அது பாதிக் குற்றவாளிதான். தோட்டாக் கூட்டைச் செய்யும்போது பித்தளைத் தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி, இழுத்து, குழாயாக்குகிறார்கள். அந்த இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே தெரியாது. கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் அம்மோனியாவும் பட்டதும் உள்ளே இருக்கிற இறுக்கம் வாய் பிளக்கிறது. செய்து முடித்ததும் இதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் இந்த நோய் வராது. வைத்தியம் அவ்வளவுதான்!

‘ஒரு வார்த்தைதான் சார் சொன்னேன், அதுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டானே’ என்று பிற்பாடு புலம்புகிற அப்பாக்களையும் அதிகாரிகளையும் வாத்தியார்களையும் நினைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தை அம்மோனியா. விரிசல் அதற்கு முன்பே உள்ளே தயாராக இருந்திருக்கிறது. இழுத்து இழுத்து உருவாக்கினோமே, ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து சூடுகாட்டினோமா? ரிப்போர்ட் கார்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ், இஸ்திரி கலையாத சட்டை என்று வெளியேதான் பாலிஷ் போட்டோம். பாலிஷுக்கு உள்ளே இருக்கிற இறுக்கம் தெரியாது. சில பாலிஷ் அதைக் கிளறியும் விடும்.

அதே தோட்டாக் கூட்டை ஒரு தடயவியல் ஆய்வாளரிடம் பளபளவென்று தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள். தலையில் அடித்துக்கொள்வார். மறுபடி சுடப்போகிறவருக்கு அந்தக் கரி அழுக்கு. இவருக்கு அதே கரி சாட்சி. பொருள் ஒன்று, கறை ஒன்று. எதற்காகக் கையில் எடுத்தோம் என்பதைப் பொறுத்துச் சுத்தம் செய்வது கடமையாகவும் ஆகிறது, குற்றமாகவும் ஆகிறது.

தாமிரபரணிக்கு இது தெரியும். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஓர் ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்துபோனார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. ஆறு தன் வேலையைச் செய்தது. கழுவிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அதே தண்ணீரில் ஊர் குளித்திருக்கும், பாத்திரம் துலக்கியிருக்கும். அந்தச் சுத்தத்தை யாரும் சுத்தம் என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் அங்கே ஆற்றில் மலர் தூவுகிறார்கள். கழுவப்பட்ட கறையைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற காரியம் அது. ‘பழசை எதுக்குக் கிளறணும்?’ என்று கேட்கிறவர்கள் பாலிஷ் டப்பாவோடு நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படியானால் எல்லாக் கறையையும் அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. இதற்கும் அதே ஆற்றங்கரையில் பதில் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அருகே ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டிப் பார்த்தார். சுமார் கால் நூற்றாண்டு கழித்து அலெக்ஸாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு வெண்கலப் பொருட்களும் கிடைத்தன. மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த வெண்கலத்தின்மேல் பச்சை படர்ந்திருக்கும். அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்ததும் புளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அந்தப் பச்சையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இறுகிப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கிற பச்சை. அதைத் தொட மாட்டார்கள், அது அந்தப் பொருளின் வயசு. இன்னொன்று, உப்பும் ஈரமும் சேர்ந்து வெளிர்ப்பச்சைப் பொடியாக உதிர்கிற பச்சை. அதற்கு ‘வெண்கல நோய்’ என்றே பெயர். விட்டால் பொருளையே தின்றுவிடும். அதை எடுத்தே ஆக வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்று 1930இலேயே ரசாயனப் பிரிவு தொடங்கினார்கள். அவர்களுடைய வேலை பளபளப்பு உண்டாக்குவது இல்லை, அழிவை நிறுத்துவது. அதைச் செய்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிப் பேசும்போது செம்பையும் களிம்பையும்தான் உதாரணம் காட்டினார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்பு தோன்றியபோதே கூட இருப்பது என்பது அவர்கள் கட்சி. ஆணவமும் அப்படித்தானாம். எவ்வளவு தேய்த்தாலும் திரும்ப வரும். தத்துவம் ஒருபுறம் இருக்கட்டும், அன்றாட வாழ்க்கைக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ‘நான் பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று காட்டிக்கொள்ளும் அவஸ்தை வேண்டாம். பித்தளைதான். மங்கும். வெள்ளிக்கிழமைதோறும் தேய்க்க வேண்டும். அவ்வளவே.

ஆக, தேய்ப்பதற்கு முன் ஒரு விநாடி நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கறை தின்கிற கறையா, காக்கிற கறையா, சாட்சி சொல்கிற கறையா? பகை, பொறாமை, பழைய கோபம் எல்லாம் தின்கிற வகை. தயங்காமல் எடுங்கள். பட்ட கஷ்டத்தின் தழும்பு காக்கிற வகை, விட்டுவிடலாம். நாம் இன்னொருவருக்குச் செய்த அநியாயம் மூன்றாவது வகை. அதைத் துடைக்கிற உரிமை நமக்கு இல்லை, பட்டவருக்குத்தான் உண்டு.

பரணில் இருக்கிற சருவச்சட்டியை அடுத்த பண்டிகைக்குக் கட்டாயம் இறக்குவீர்கள். நன்றாகவே தேயுங்கள், தப்பில்லை. பெயர் வெட்டியிருக்கிற இடத்தில் மட்டும் கை கொஞ்சம் மெதுவாகப் போகட்டும்.