வணிகப் பட்டமும் தோட்டத்து மக்களும்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளியானதும் லிங்கி வட்டாரத்துத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்றுண்டு. மருத்துவத்துக்கு மதிப்பெண் போதாத பிள்ளையை எதிற் சேர்ப்பது? பெரும்பாலும் 'பிசினஸ்' என்பதே விடையாகிறது. நீலாயிலும் சிரம்பானிலும் உள்ள கல்லூரிகளின் விளம்பரத் தாள்களும் அதனையே வழிமொழிகின்றன. இப்படிப்புத் தகுமா என்று நம்மை வினவுவோர் பலர். வேலை கிடைக்குமா என்னும் அளவோடு நில்லாமல், அறநோக்கோடும் இதனை ஆராய விரும்புகிறோம்.

முதலில் செலவைக் காண்போம். இந்நாட்டு விதிப்படி இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். கிரெடிட் ஒன்றுக்கு 40 மணி நேர உழைப்பென்று வகுத்துள்ளனர். ஆக 4,800 மணி. பாடமொன்றுக்கு மூன்று கிரெடிட் வீதம் நாற்பது பாடங்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அச்சம்பளத்தில் மூன்று ஆண்டு உழைப்பவன் 61,200 வெள்ளி ஈட்டுவான். படிக்கப் போகும் பிள்ளை அத்தொகையை விட்டே போகிறது. விளம்பரத் தாளில் இக்கணக்கு வருவதில்லை. கல்லூரிக் கட்டணமோ அதற்கு மேல். 1997-இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதியிற் பெறும் கடன் பட்டத்தோடு கூடவே வீட்டுக்கு வருகிறது. போதாததற்குப் பெற்றோர் தம் சேமநிதியிலிருந்தும் எடுக்கின்றனர். அது முதுமைக்கென்று மூடி வைத்த சோறு.

சில வீடுகளில் இன்னொரு செலவும் உண்டு. அண்ணன் படிப்பதற்காகத் தங்கை படிப்பை நிறுத்துகிறாள். 'பெண்தானே, வேறு வீட்டுக்குப் போகிறவள்' என்று சொல்லி அச்செலவைக் கணக்கில் எழுதாமலே விட்டு விடுகிறார்கள். இதைப்போன்ற கள்ளக்கணக்கு எந்தத் தோட்டத்து ஆபீசிலும் இல்லை. ஆதலின், பட்டம் பெற்றவன் எவ்வளவு சம்பாதிப்பான் என்று மட்டும் கேட்பது போதாது. பிறர் கொடுத்த விலைக்கு ஈடான அறிவைக் கற்று வருகிறானா என்பதையும் கேட்டாக வேண்டும்.

'வணிகம் கல்லூரியிற் கற்று வருவதா? செட்டியார்கள் எந்தப் பட்டம் பெற்றார்கள்?' என்பார் உளர். நல்ல கேள்விதான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த நகரத்தார் கிட்டங்கிகளில், பெட்டியடிப் பையனாக நுழைந்தவன் அடுத்தாளாகிப் பின் மேலாளாக உயர்ந்தான். ஐந்தொகை போடவும், வட்டிச் சிட்டை எழுதவும், முகம் பார்த்து ஆளை மதிப்பிடவும் வேலையிலேயே கற்றான். அதனினும் சிறந்த வணிகப் பள்ளி அரிது. ஆனால் அப்பள்ளி ஒரு குலத்து ஆண்பிள்ளைகளுக்கே உரியது. பால்மரம் வெட்டியவன் மகன் அங்கே பலகையில் அமர்ந்து பேரேடு எழுத முடியுமா? மற்றவர்க்கு அது கடன் கேட்டு நிற்கும் வாயிலாகவே இருந்தது. கல்லூரியின் குறைகள் எத்துணையாயினும், அங்கே சாதி கேட்பாரில்லை. (இனம் கேட்பதுண்டு, அது வேறு வழக்கு.) குலச்சொத்தாக இருந்த அறிவு பாடப்புத்தகமாகி யார்க்கும் கிடைப்பதை நாம் சிறியதாக எண்ணுவதற்கில்லை.

அவ்வறிவு இல்லாததால் நம் மக்கள் கொடுத்த விலை யாது? இரண்டு முயற்சிகளை நினைவூட்டுவோம். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. பின்னர் 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் எழுந்தது. பல்லாயிரம் எளிய குடும்பங்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் பங்குப் பணம் செலுத்தின. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியோரும் உண்டு. கால் நூற்றாண்டுக்குப் பின், 2010-இல், ஒரு வெள்ளிப் பங்கை எண்பது காசுக்கு வாங்கிக்கொள்வதாக வேறொரு நிறுவனம் முன்வந்தபோது, அதுவாவது கிடைத்ததே என்று கொடுத்தவர் பலர்.

இதில் தலைவர்கள் பொறுப்பைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. நாம் கேட்பது வேறு. ஆண்டறிக்கையை எடுத்து வைத்து, 'இந்த வரியில் உள்ள தொகை எங்கே போயிற்று?' என்று கேட்கக் கூடியவர் லயத்துக்கு ஒருவர் இருந்திருப்பின் நிலைமை இவ்வாறே ஆகியிருக்குமா? பொதுப்பணத்தைக் காப்பதற்கு நேர்மை வேண்டும் என்கிறோம். அந்நேர்மையைச் சோதித்துப் பார்க்கும் கல்வியும் அதே அளவு வேண்டும். நம்பிக்கை ஒன்றையே முதலாக வைத்தவர்கள் நாம்.

இக்கருத்தோடு பாடத்திட்டத்தைப் பார்த்தால் எதைத் தேர்வது என்பது விளங்கும். முதலாண்டுப் பாடங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், நிர்வாகம். விருப்பப் பாடங்கள் வரும்போதுதான் பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஓடுகின்றனர். தலைமைத்துவம், விளம்பரம், தொழில்முனைவு என்று பெயர் இனிக்கும் பாடங்களிற் போய் விழுகின்றனர். அவற்றை வெறுக்கச் சொல்லவில்லை. ஆனால் வாயினாற் கற்கக் கூடியதை வெள்ளி கொடுத்துக் கற்பானேன்? தணிக்கை, நிறுவனச் சட்டம், நிதி, வரி, இவை கடினமாயினும் இவற்றையே நாம் பரிந்துரைப்போம்.

பெற்றோர் பலர் அறியாத ஒன்றும் உண்டு. வணிக நிர்வாகப் பட்டம் பெற்றவர் கணக்காளர் ஆகிவிடுவதில்லை. 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினரானவரே அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். அதற்குரிய கணக்கியல் பட்டம் வேறு, பொது வணிகப் பட்டம் வேறு. விண்ணப்பத்தாளில் ஒரு சொல் மாறினால் மூன்றாண்டு மாறிப்போகும். சேர்வதற்கு முன் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே 'இது எதற்கு?' என்று எழுதிப் பார்ப்பது நன்று. விடை எழுத வராத பாடங்கள் பாதிக்கு மேற்பட்டால் வேறு கல்லூரி தேடலாம்.

வேலையிலிருந்தே படிக்கும் வழியும் உண்டு. 2000-இல் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை அதற்கென்றே உள்ளன. ஆண்டுகள் கூடும், உடம்பும் அலுக்கும். ஆயினும் அந்த 61,200 வெள்ளி வீட்டிலேயே நிற்கும். தங்கையின் கட்டணத்தையும் அதிலிருந்து கட்டலாம்.