பிறவியும் பழியும்

'பிறவியே அப்படி' என்பது எங்க இராஜாக்கமங்கலம் பக்கத்துல ஒரு தீர்ப்பு. காது கேளாத பிள்ளையைப் பார்த்தும் சொல்லுவாங்க, காலனிப் பிள்ளையைப் பார்த்தும் சொல்லுவாங்க. முன்ஜென்ம வினை என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடலாம் அல்லவா? அப்படியானால், செவித்திறன் குறைவு மரபணுவில் இருக்கிறது என்று இன்று மருத்துவம் சொல்வது பழைய வினைதான் சட்டை மாற்றி வந்ததா? இல்லை என்பதே என் வாதம்.

பரம்பரைச் செவித்திறன் குறைவுக்கு ஜிஜேபி2 என்னும் மரபணு ஒரு முக்கியக் காரணம் என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். கனெக்சின் 26 என்கிற புரதத்தை உண்டாக்குவது அது. உள்காதில் பொட்டாசியம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போக அந்தப் புரதம் வழிவிடுகிறது. அந்த வழி கெட்டால் கேட்கும் திறன் போகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளைக்குக் கேட்காது. பெற்றவர்கள் இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும், ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. 'இவ வயித்துக் கோளாறு' என்று தாயை மட்டும் ஏசுகிற மாமியாருக்கு விஞ்ஞானம் தருகிற பதில் இது. இப்படி மறைந்த பழுதுகள் எல்லோர் உடம்பிலும் உண்டு, உயர்ந்த சாதி என்று மார்தட்டுகிறவன் உடம்பிலும் உண்டு.

மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது ஒரே மறைந்த பழுது இரண்டு பக்கமும் சந்திக்க வாய்ப்பு கூடுகிறது. சாதி அந்த வேலியின் பெரிய வடிவம். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே சொன்னார். இரத்தத் தூய்மைக்காகத்தான் சாதி என்ற வாதத்தை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் உடைத்தார். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்வதை ஆபத்து என்று 1883இல் எச்சரித்தவர் டெலிபோன் கண்ட கிரகாம் பெல். 1933இல் நாஜி ஜெர்மனி பரம்பரைச் செவித்திறன் குறைவு உள்ளவர்களைக் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் சேர்த்தது. கலப்பு மணம் நமக்கு சமத்துவத்துக்காக வேண்டும். காது கேளாத பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்பதற்காக அல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் நாமும் தூய்மை பேசுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

இனி காக்ளியர் கருவி. ஜிஜேபி2 பிள்ளைகளுக்குக் கோளாறு உள்காதில்தான், கேட்கும் நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கருவி அந்த நரம்பை நேராகத் தூண்டுவதால், சிறு வயதிலேயே பொருத்தினால் பலன் நன்றாக வருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கிடைக்கிறது, நல்லது. ஆனால் இது மூக்குக் கண்ணாடி போல மாட்டிய உடனே வேலை செய்கிற சாமான் இல்லை. முதலில் வருவது வெறும் இரைச்சல்தான், அதைப் பேச்சாக மாற்ற மூளை பழக வேண்டும். வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி, பேட்டரி, வயர். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு நாகர்கோவில் போய்வர ஒரு நாள் கூலி போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வயர் அறுந்து, மாற்ற வழியில்லாமல் கருவி டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. 'பிள்ளைக்குப் பலன் இல்லை' என்று எழுதிவிட்டார்கள். இங்கே தோற்றது பிள்ளையின் மரபணுவா, கூலியா?

1880இல் மிலான் மாநாடு பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கி வைத்தது. வாயால் பேசுகிறவன்தான் மனிதன் என்ற அதிகாரம் அது. கருவி வந்துவிட்டது என்று சொல்லி இன்றும் சைகையைத் தடுக்கிறவர்கள் உண்டு. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். அறுவை சிகிச்சையைத் தருகிற அரசு, பயிற்சியையும் பழுதுபார்ப்பையும் ஒன்றியம் தோறும் தரவேண்டும். பிறவியைத் தேர்ந்து கொண்டவர் யாருமில்லை. பிறந்த பிறகு நடப்பதற்குத்தான் நாம் பொறுப்பு, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.