பிடித்த கையை விட்டுவிடாதீர்கள்



யாயிருடைய மகளுக்கு வயது பன்னிரண்டு. ஆண்டவர் அவள் கையைப் பிடித்தார்; அவள் எழுந்து நடந்தாள். புதுமை அத்தோடு முடியவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கும்படியும் அவர் பணித்தார் என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார். உயிர் கொடுத்தவர், அன்றாடப் பராமரிப்பை வீட்டாரிடமே ஒப்படைத்தார்.

அதே வயதில் சீனி வருத்தம் கண்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. இது இனிப்புத் தின்றதால் வந்த தண்டனையன்று; பெற்றோரின் பாவத்தால் வந்த சாபமுமன்று. உடலில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகிறது. ஆகவே ஆயுள் முழுவதும் ஊசி வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்குமுன் இத்தகைய பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. அவனோ மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்து உண்டு, மனந்தான் வேண்டும். கல்முனைக் கரையில் முஸ்லிம் வீடாயினும் தமிழ் வீடாயினும் தாயின் கவலை ஒன்றே. பெண்பிள்ளையென்றால், "நாளைக்குக் கலியாணம் பேச வேண்டுமே" என்று நோயை மறைக்கிறோம். பாடசாலையில் அவள் வியர்த்து நடுங்கும்போது, சீனி குறைந்துவிட்டதென்று அறிந்து உடனே சீனித் தண்ணீர் கொடுப்பவர் யார்? ஆசிரியருக்கும் தோழியருக்கும் சொல்லி வையுங்கள். நோன்பைக் காரணம் காட்டவும் இடமில்லை. இஸ்லாம் நோயாளிக்கு விலக்களிக்கிறது. நம் திருச்சபையும் ஒருசந்திக் கடனிலிருந்து அவரை விடுவிக்கிறது. வைத்தியரைக் கேளாமல் உணவையோ ஊசியையோ நிறுத்துவது பக்தியாகாது.

பெற்றோரே, இங்கே இரு தவறுகள் உண்டு. எல்லாவற்றையும் நாமே செய்து பிள்ளையை முடமாக்குவது ஒன்று. "வளர்ந்துவிட்டாய், இனி நீயே பார்த்துக்கொள்" என்று திடீரெனக் கைவிடுவது மற்றொன்று. குமரப் பருவத்தில் உடலின் மாற்றங்களாலேயே சீனி ஏறியிறங்கும், மனமும் சலிக்கும். ஊசி போடவும் இரத்தம் பார்க்கவும் பிள்ளை பழகட்டும்; நீங்கள் அருகில் இருங்கள். அவனுக்கு ஏற்ற உணவையே வீட்டார் அனைவரும் உண்ணுங்கள். தனிக் கோப்பை பிள்ளையைத் தனியனாக்கும்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் அவனுடைய சீனிக் கொப்பியைச் சேர்ந்து பாருங்கள். இலக்கம் கூடியிருந்தால் ஏசாதீர்கள். ஏசினால் நாளைக்குப் பொய் இலக்கம் எழுதுவான். "இன்றைக்கு எப்படி இருந்தாய், மகன்?" என்று கேளுங்கள்.

ஆண்டவர் சிறுமியை நடக்கவிட்டார். ஆயினும் முதலில் கையைப் பிடித்தார். நாமும் அவ்வாறே செய்வோமாக. ஆமென்.