பிறர் பிள்ளையின் வழக்கில் நமக்கு என்ன உரிமை?

தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். தந்தை குடிப்பவர், சில இரவுகளில் வீட்டுக்கே வருவதில்லை. எட்டு வயதுப் பிள்ளையை வயதான அம்மம்மா பார்த்துக்கொள்கிறார். பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அதிபர் சொல்கிறார். அயலவர் ஒருவர் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைத்து முறையிடுகிறார். வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ இப்படியொரு குடும்பம் இருக்கிறது என்றால் எவரும் வியக்கப்போவதில்லை. இனி அந்தப் பிள்ளை அம்மம்மாவிடமே இருப்பதா, சித்தியிடம் போவதா, சிறுவர் இல்லத்துக்குப் போவதா என்று யாராவது முடிவுசெய்தாக வேண்டும்.

இலங்கையில் அந்த முடிவு நீதவானுடையது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் அவருக்குப் பல வழிகளைத் தருகிறது. நல்ல பராமரிப்புக்குப் பெற்றோரிடம் பிணை வாங்கலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பிள்ளையை வீட்டிலேயே விடலாம், தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம், நிறுவனத்துக்கு அனுப்பலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையே பெரும்பாலும் முடிவுக்கு அடிப்படை. ஊர்மக்களில் ஒருவருக்கு அந்த மேசையில் இடம் இல்லை. இருக்க வேண்டுமா? ஓய்வுபெற்ற ஆசிரியை, தாதி, கடை வைத்திருப்பவர் எனச் சாதாரண மனிதர் ஒருவர், சம்பளம் இல்லாமல் தானாக முன்வந்து, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அறமாகுமா?

ஸ்கொட்லாந்து இதற்கு 1971இல் இருந்தே ஆம் என்று பதில் சொல்லிவருகிறது. கில்பிராண்டன் பிரபு தலைமையிலான குழு 1964இல் தந்த அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1968ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளின் வழக்குகளைக் குற்றவியல் நீதிமன்றங்களிலிருந்து பெரும்பாலும் வெளியே கொண்டுவந்தன. பயிற்சி பெற்ற மூன்று தன்னார்வலர்கள் பிள்ளையோடும் குடும்பத்தோடும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண். அரசுப் பதவியோ நீதிபதிப் பதவியோ இல்லாத இவர்களுக்கு, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் விடயத்தில் நீதித்துறை நடுவருக்குச் சமமான அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. இலங்கைக்கும் இந்த எண்ணம் முற்றிலும் புதிதல்ல. 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகளில், சம்பளம் வாங்காத ஊர்மக்களே அயலவர் சச்சரவுகளையும் கடன் தகராறுகளையும் தீர்த்துவைக்கிறார்கள்.

இதற்கு ஆதரவான வாதம் வலுவானது. ஏராளமான கோப்புகளைச் சுமக்கும் உத்தியோகத்தருக்கு ஒரு பிள்ளைக்காக ஒதுக்கக்கூடிய நேரம் சொற்பம். தன்னார்வலருக்குப் பதவி உயர்வும் இல்லை, இடமாற்றமும் இல்லை. மேலதிகாரியின் முகம் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வத்தளையைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. அரசியலமைப்பின்படி, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளுக்கு வெளியே நீதிமன்றங்கள் சிங்களத்தில் இயங்குகின்றன. தமிழ் பேசுபவருக்குத் தமிழில் பங்கேற்கவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டு. ஆனால் பயந்துபோன ஒரு பிள்ளை சொல்லத் தயங்குவதையும் பாதியில் விழுங்கிவிடுவதையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு உணர்வது கடினம். அந்தப் பிள்ளையின் மொழியிலேயே கேட்கக்கூடிய ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது சலுகையல்ல, நியாயம்.

எதிர்வாதமும் இலேசானதல்ல. சம்பளம் இல்லாமல் பகற்பொழுதை ஒதுக்கக்கூடியவர் யார்? பெரும்பாலும் வசதியுள்ளவர். மேசையின் மறுபக்கம் இருப்பவரோ பெரும்பாலும் ஏழை. ஒற்றை அறை வீடு, கழுவாத பாத்திரங்கள், இரவு வேலைக்குப் போகும் தாய் ஆகியவை முன்னவரின் கண்ணுக்குக் கவனிப்பின்மையாகத் தெரியலாம். உண்மையில் அது வறுமையாக மட்டுமே இருக்கலாம். அயலவர் என்பதால் குடும்பத்தின் நிலை தெரியும் என்கிறோம். அதே அயலவருக்குக் குடும்பத்தைப் பற்றிய வதந்தியும் தெரியும்; சாதியும் மதமும் தெரியும்; பழைய காணிச் சண்டையும் நினைவில் இருக்கும்.

நல்லெண்ணமே பிழைசெய்யும் என்பதற்கு அரசின் அனுபவமே சான்று. 2013இல் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு அனுமதி மறுக்கப்பட்டது. பிள்ளைகளைக் காப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் தந்தையரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. வீட்டுக்குத் தந்திருக்க வேண்டிய உதவி கிடைக்காதபோது, பிள்ளை வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்தப் பழக்கத்துக்குள் இரக்கம் மிகுந்த தன்னார்வலர்களை அமர்த்தினால், பிள்ளைகளைப் பிரிக்கும் வேகம் கூடினாலும் கூடலாம்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. பிறர் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இரக்கத்தால் வருவதில்லை. தன் முடிவுக்குக் காரணம் சொல்லவும், அது சரிபார்க்கப்படவும், பிழையென்றால் மாற்றப்படவும் ஒருவர் தம்மை எந்த அளவுக்கு உட்படுத்துகிறாரோ, அந்த அளவுக்கே அந்த உரிமை அவருக்கு உண்டு. உதவி செய்ய வருபவர் தாம் விரும்பியதைத் தரலாம், விரும்பாதபோது நிறுத்தலாம். தீர்மானிக்க வருபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

ஸ்கொட்லாந்தின் முறையில் மதிக்கத்தக்கது தன்னார்வலர்களின் நல்ல மனம் மட்டுமல்ல. அந்த நல்ல மனத்துக்குப் போடப்பட்ட வேலிகளும்தான். என்ன நடந்தது என்பதில் தகராறு வந்தால் அதைத் தீர்ப்பது அவர்களல்ல, நீதிபதி. மூவரும் ஆண்களாகவோ மூவரும் பெண்களாகவோ இருக்க முடியாது. ஒவ்வொருவரும் தமது முடிவையும் காரணத்தையும் குடும்பத்தின் முன்னிலையில் சொல்ல வேண்டும். முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். ஓராண்டுக்குள் மீளப் பரிசீலிக்கப்படாத ஆணை காலாவதியாகிவிடும். இந்தியாவிலும் 2021இல் வந்த திருத்தம், பிள்ளைகள் பராமரிப்பு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருப்பவர் குழு உறுப்பினராக முடியாது என்றது. சிறுவர் இல்லங்கள் பலவற்றைச் சமய அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் இலங்கையில் இந்த விதி இன்னும் அவசியமானது. இல்லத்தை நடத்துபவரும் இல்லத்துக்கு அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இந்த வேலிகளோடு இலங்கையிலும் நீதவானுக்குப் பக்கத்தில் ஊர்மக்களுக்கு இடம் தர வேண்டும். தனியாகத் தீர்ப்புச் சொல்ல அல்ல. பிள்ளையை அதன் மொழியில் கேட்கவும், பிரிக்காமல் காக்க என்னென்ன வழிகள் முயலப்பட்டன என்று உத்தியோகத்தரைக் கேட்கவும், குறித்த தவணையில் முடிவை மறுபடி பார்க்கவும். 1991இல் இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயம் இந்த மூன்றையும் அரசின் கடமையாக்கியிருக்கிறது. பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம். பெற்றோரிடமிருந்து பிரிப்பது தவிர்க்க முடியாதபோது மட்டுமே நிகழலாம். வெளியே வைக்கப்பட்ட பிள்ளையின் நிலை காலந்தோறும் பரிசீலிக்கப்பட வேண்டும். போக்குவரத்துச் செலவும் இழந்த நாட்கூலியும் ஈடுசெய்யப்பட்டால், மேசைக்கு வசதியுள்ளவர் மட்டும் வரும் நிலையும் மாறும். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய தாயும், சிறுவர் இல்லத்தில் வளர்ந்து ஆளான இளைஞரும் அங்கே அமர்வதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

“இவ்வளவு பாரமான முடிவு எங்களுக்கு எதற்கு?” என்று ஒதுங்குவதும் ஒருவகையில் முடிவுதான். நாம் ஒதுங்கினால் அந்தப் பிள்ளையின் வழக்கு நின்றுவிடாது; வேறொருவர், இன்னும் குறைந்த நேரத்தில், அறிமுகமற்ற மொழியில் முடித்துவைப்பார். பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சம் இந்தப் பணிக்குத் தடையல்ல, தகுதி. அந்த அச்சம் இல்லாதவரையே மேசைக்கு அழைக்கக் கூடாது. அச்சத்தோடு வந்து, வழக்கு முடிந்த பின்னும் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கத் தயாரானவருக்கே பிறர் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு.