யாருடைய கால்?

ஐம்பதடி நடந்தால் தாத்தாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். "வயசாச்சில்ல" என்று அவரே காரணமும் சொல்லிக்கொள்வார். கெங்கவல்லியில் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடந்தே போய்வந்த மனிதர், வழியில் இருக்கும் புளியமரத்தடியில் எல்லாம் நிற்க ஆரம்பித்தார். நின்ற இடத்தில் ஒரு பீடி பற்றவைப்பார். அவரை நிற்கவைப்பதில் அந்தப் பீடிக்கும் பங்கு உண்டு என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. கால் கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

இடுப்புக்குள் ஓடி காலுக்கு இறங்கும் தமனியில் நீளமான அடைப்பு. டாக்டர் என் சித்தப்பாவை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம்; உறை போட்ட ஸ்டென்ட் வைத்துப் பார்க்கலாம்; இவ்வளவு செலவாகும். சித்தப்பா பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் சென்னையில் இருந்த எனக்கும் போன் போட்டார். அரை மணி நேரத்தில் நாலு பேரும் முடிவெடுத்துவிட்டோம். அவ்வளவு நேரமும் தாத்தா பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "சின்ன அடைப்புதான்ப்பா, ஒரு டியூப் வைக்கிறாங்க, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் சித்தப்பாவே கையெழுத்துப் போட்டார்.

கால் பிழைத்தது. விரல் மட்டும் போனது. மூன்று மாதம் கழித்து, காட்டில் ஒரு ஏக்கரை அடமானம் வைத்த விஷயம் பக்கத்துக் காட்டுக்காரர் வாயிலிருந்து தாத்தாவுக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. "எங்காலப் பத்தி என்னத் தவிர எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி விடவில்லை: நாங்கள் செய்தது நல்லதா, சரியா? இரண்டும் ஒன்றுதானா?

முதலில் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண ஸ்டென்ட் என்பது உலோக வலைக்குழல். ரத்தக்குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும். நாள்பட, குழாயின் சதை வலைக்கண்கள் வழியாக உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கலாம். அதைத் தடுக்கத்தான் மெல்லிய பாலிமர் உறை. பெரும்பாலும் பிடிஎஃப்இ, சமையலறையில் நாம் பார்க்கும் டெஃப்லானின் இன்னொரு வடிவம். ஆஸ்திரேலியாவில் இடுப்புத் தமனிகளில் இரண்டு வகையையும் ஒப்பிட்ட கோபெஸ்ட் ஆய்வு 2011இல் வெளியானது. அடைப்பு நீளமாக, மோசமாக இருந்தவர்களுக்கு உறை போட்டதே நன்றாக உழைத்தது. லேசான அடைப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. உறைக்கு ஒரு விலையும் உண்டு. வைத்த இடத்திலிருந்து பிரியும் கிளைக்குழாய் எதையும் அது மூடிவிடும். உறை முடியும் ஓரங்களில் சதை வளரத்தான் செய்யும். நோய் குணமாவதில்லை, ஓட்டத்திலிருந்து ஒதுக்கப்படுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடர வேண்டும், பீடியை விட வேண்டும். இரண்டையும் செய்ய வேண்டியவர் தாத்தா. ஆனால் 'சின்ன டியூப்' வைத்தவருக்கு எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு? எங்கள் பொய்யே எங்கள் வைத்தியத்துக்கு எதிராக வேலை செய்தது.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையைப் பிறகு படித்தபோது ஆடிப்போனேன். 1964 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம். 82 வயதுப் பாட்டி ஒருவர், காலில் ரத்த ஓட்டம் இல்லாமல் விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் முடியாது என்று மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், தொடைத் தமனிக்குள் மெல்லிய குழல்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். கால் தப்பியது. இன்று உலகெங்கும் அறுக்காமலே குழாய்க்குள் நுழைந்து செய்யும் சிகிச்சைகளுக்கு அதுதான் தொடக்கம். ஒரு கிழவியிடம் கேட்டார்கள், அவர் மறுத்தார், அந்த மறுப்பிலிருந்து ஒரு மருத்துவத் துறையே பிறந்தது. அதே சிகிச்சை எங்கள் ஊர்க் கிழவருக்கு வந்து சேர்ந்தது. கேட்கும் வழக்கம் மட்டும் கூட வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த அம்மாவின் சம்மதத்தை வாங்கி அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அம்மாவே ஆனாலும் சம்மதம் தர முடியாது என்றது தீர்ப்பு. எங்கள் தாத்தா மயக்கத்தில்கூட இல்லை. பெஞ்சில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் என்னை நிறுத்தியது. "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நெனக்கிற? எனக்கு எதுக்குடா இந்தச் செலவு, கால எடுத்துருங்கன்னு சொல்லியிருப்பாரு. நீ என்ன பண்ணியிருப்ப?"

இதைச் சுலபமாகத் தாண்ட முடியாது. அந்தப் பாட்டி மறுத்தது தன் காலுக்காக. தாத்தா மறுத்திருந்தால் அது எங்களுக்காக, பணத்துக்காக. கையில் காசில்லாதவன் சொல்லும் 'வேண்டாம்' அவன் விருப்பம்தானா? 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் இதய ஸ்டென்ட்களுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியது 29,600 ரூபாய், வெற்று உலோகம் 7,260 ரூபாய். ஒரே உத்தரவில் பல ஆயிரம் குடும்பங்களின் 'வேண்டாம்' 'சரி' ஆகியிருக்கும். அந்த உச்சவரம்பு இதயக்குழாயோடு நின்றது. காலுக்குப் போகும் குழாய்க்கு வரவில்லை. ஆக, ஒருவரின் சம்மதம் அவர் மனதில் மட்டும் உருவாவதில்லை. விலைப்பட்டியலிலும் உருவாகிறது.

ஆனாலும் சித்தப்பாவின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் 'வேண்டாம்' என்பார் என்று பயந்தோம். அந்த 'வேண்டாம்' பேச்சின் முடிவாக இருந்திருக்க வேண்டியதில்லை, ஆரம்பமாக இருந்திருக்கலாம். "நிலம் எங்களுக்கு வேண்டாம், நீங்க நடந்தா போதும்" என்று சொல்ல ஒரு வாய்ப்பு எங்களுக்கும் கிடைத்திருக்கும். அதைச் சொல்லாமலே செய்தோம். அவர் நடக்கிறார், ஆனால் அந்த வார்த்தையை இன்னும் கேட்கவில்லை.

போன மாதப் பரிசோதனையில் அடுத்த காலிலும் குழாய் சுருங்க ஆரம்பித்திருப்பது தெரிந்தது. இந்த முறை படத்தைத் தாத்தாவின் கையிலேயே கொடுத்தோம். டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். பீடியை விட்டுத் தினமும் நடந்தால் இப்போதைக்கு எதுவும் வைக்காமலே சமாளிக்கலாம், இல்லையென்றால் மறுபடி ஸ்டென்ட், இவ்வளவு செலவு. தாத்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

எங்களுக்கு அவசரம்தான். இருந்தாலும் காத்திருக்கிறோம்.