உடன்பட்டவர்க்கும் பங்குண்டு

ஒரு மாணவன் தன் வகுப்புத் தோழியை இழிவுபடுத்தி ஒரு செய்தி எழுதுகிறான். மற்றொருவன் அதனைத் தன் கைப்பேசியிலிருந்து பத்துப் பேருக்கு அனுப்புகிறான். மூன்றாமவன் கண்டு நகைத்துவிட்டு வாளா இருக்கிறான். இம்மூவருள் குற்றம் யாருடையது? எழுதியவன் ஒருவனே எனக் கூறுதல் எளிது. ஆயின் அது பொருந்துமா?

நார்வே நாட்டில் பள்ளிச் சிறாரிடையே நிகழும் கொடுமைகளை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியல் அறிஞர் டான் ஒல்வேயஸ், அவற்றிற்கு மூன்று இலக்கணம் கூறினார். தீங்கு செய்யும் எண்ணம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், வலியார் எளியார் என்னும் வேறுபாடு என்பன அவை. இணையத்திலோ எழுதியவன் ஒருமுறையே எழுதுகிறான். அதனை நூறு முறையாக்குவோர் பகிர்பவரே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என நம் அறம் கூறுவது இங்கும் முற்றும் பொருந்துகிறதன்றோ!

ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா ஆகிய பகுதிகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. வளரிளம் பருவத்தினருள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகவும், எட்டில் ஒருவர் பிறரைத் துன்புறுத்தியதாகவும் அது தெரிவிக்கிறது. துன்புறுத்தியோர் யாவரும் இயல்பிலேயே கொடியோர் அல்லர். நேரில் ஒருவரை வைதால் அவர் முகம் வாடுவது தெரியும். அது நம் நாவைத் தடுக்கும். திரையில் அந்த முகம் இல்லை. பள்ளியில் ஏற்கெனவே அடிபட்ட பிள்ளை இங்கும் எளிதில் இலக்காகிறது. சில வேளை தானே பிறரைத் துன்புறுத்தவும் முற்படுகிறது.

காப்பது எது? இல்லத்தில் அச்சமின்றிப் பேச இயலும் சூழலே முதற்காப்பு. துன்பத்தைக் கூறினால் கைப்பேசியைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சியே பல பிள்ளைகள் மறைக்கின்றனர். அவ்வாறு பறிப்பது தீங்கிழைத்தவனை விடுத்துத் தீங்குற்றவனைத் தண்டிப்பதாகும். முதலில் செவிமடுத்தல் வேண்டும். பின் சான்றுகளை அழியாமல் வைத்துக்கொண்டு பள்ளியை அணுகுதல் வேண்டும்.

இரண்டாம் காப்பு, காண்போர் கையில் உள்ளது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் வகுத்த 'கிவா' என்னும் திட்டம், வாளா காண்போரைத் துணை நிற்போராக மாற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது. 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் அது பரவலாயிற்று.

ஆகவே பெற்றோர் தம் மக்களிடம், "நீ ஏதும் எழுதினாயா?" என்று மட்டும் வினவுதல் போதாது. "உனக்கு வந்ததை என்ன செய்தாய்? அந்தப் பிள்ளையிடம் ஆறுதலாக ஒரு சொல் பேசினாயா?" என்றும் வினவுதல் வேண்டும். தீங்கினைப் பரப்பாதிருத்தல் அறத்தின் பாதி. நொந்தவரைத் தேடிச் சென்று துணை நிற்றல் மறுபாதி.